கணினி ஓடுகிறது, திரை தெரியவில்லை

பொத்தானை அழுத்தியதும் சிபியு பெட்டியின் விசிறி சுற்றுகிறது. முகப்பு விளக்கும் எரிகிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி வந்து, சற்று நேரத்தில் அதுவும் மறைந்துவிடுகிறது. சென்னை ஆதம்பாக்கம் கருணீகர் தெருவிலோ என்.ஜி.ஓ. காலனியிலோ ஒரு வீட்டில் இது நடந்தால், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மானிட்டர் போய்விட்டது என்பார் ஒருவர். போர்டு போயிருக்கும் என்பார் இன்னொருவர். ஆலந்தூரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு. அங்கே இரண்டுமே கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய் கைமாறும். வீடு திரும்பிப் பொத்தானை அழுத்தினால், புதிய மானிட்டரும் அதே வரியைக் காட்டலாம்.

திரை தெரியாமல் போவது ஒரே ஒரு பழுதின் அடையாளம் அல்ல. பொத்தானை அழுத்துவதற்கும் முதல் படம் வருவதற்கும் இடையே பல வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. எந்த இடத்தில் வரிசை அறுந்தது என்பதைப் பெரும்பாலும் காசு செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிசையைத் தெரிந்துகொள்வதுதான் முதல் தேவை.

மானிட்டர் தரும் முதல் சாட்சி

‘நோ சிக்னல்’ என்ற எழுத்துகளைத் திரையில் எழுதுவது கணினி அல்ல, மானிட்டரே. அவை தெரிகின்றன என்றால் மானிட்டருக்கு மின்சாரம் வருகிறது, பின்னொளி எரிகிறது, திரவப் படிகத் தகடு வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லும் விழித்திருக்கிறது. படம் வந்து சேரும் வாயில் மட்டும் பழுதாகியிருக்க இன்னும் வாய்ப்பு உண்டு. ஆனால் மற்ற எல்லாமும் நலம் என்பதற்கு அந்த வரியே சாட்சி. மானிட்டரை மாற்றும் யோசனையை அங்கேயே தள்ளிவைக்கலாம்.

எழுத்து எதுவும் வராமல் முழு இருட்டாக இருந்தால் நிலைமை வேறு. அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின்மேல் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி சரியாகத்தான் படம் அனுப்புகிறது. மானிட்டரின் பின்னொளிதான் போயிருக்கிறது. இந்த நிலையில் மானிட்டரைப் பழுதுபார்க்க எடுத்துச் செல்வது சரி.

மானிட்டரின் மெனுவில் ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ என்ற இடத்தையும் பார்க்க வேண்டும். கேபிள் எச்டிஎம்ஐ வாயிலில் செருகப்பட்டிருக்க, மானிட்டர் விஜிஏ வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை முறை கணினியை அணைத்துப் போட்டாலும் படம் வராது.

128 பைட் ஜாதகம்

மானிட்டரும் கணினியும் படத்துக்கு முன்பே ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கின்றன. தொடக்கத்தில் இந்த விசாரணை மிக எளிமையாக இருந்தது. ஐபிஎம் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் 15 பின்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறக் கம்பிகளின் மறுமுனையில் மானிட்டருக்குள் 75 ஓம் மின்தடை இருக்கும். கம்பியில் அந்தத் தடை தென்பட்டால் எதிரே ஒரு மானிட்டர் இருக்கிறது என்று கணினி முடிவு செய்யலாம். அதைச் செய்தது யார், அது எத்தனை புள்ளிகளைக் காட்டும் என்பதை அறிய அந்தத் தடை போதாது.

1994இல் வெசா என்ற தரநிர்ணய அமைப்பு இதற்கு வழி செய்தது. மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகச் சில்லில் அதன் விவரங்களை எழுதிவைத்து, கணினி கேட்டவுடன் படித்துக் காட்டும் முறை அது. அந்த விவரத் தொகுப்பின் பெயர் ஈடிஐடி. அடிப்படை அளவு வெறும் 128 பைட். வரன் பார்க்கும்போது முதலில் கைமாறும் ஜாதகம் போன்றது இது. செய்த நிறுவனம் யார் என்று மூன்று எழுத்தில் இருக்கும். எந்த ஆண்டில், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதும் இருக்கும். ஆண்டை 1990இலிருந்து கணக்கிட்டு ஒரே பைட்டில் அடக்கியிருப்பார்கள். திரையின் நீள அகலம், நிறங்களின் தன்மை, தாங்கக்கூடிய புள்ளிகளின் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை படம் என்பவை தொடரும். எல்ஜி மானிட்டர்கள் இன்றும் தங்களை ‘ஜிஎஸ்எம்’ என்றே அறிமுகம் செய்துகொள்கின்றன. அந்த நிறுவனத்தின் பழைய பெயரான கோல்ட்ஸ்டாரின் எச்சம் அது.

இந்த 128 பைட்டுக்குள் ஒரு காவலும் உண்டு. முதல் எட்டு பைட்டுகள் எல்லா மானிட்டரிலும் ஒன்றே: ஒரு சுழியம், ஆறு முறை 255, மீண்டும் ஒரு சுழியம். கடைசிக்கு முந்திய பைட், தொடர்ந்து வரும் கூடுதல் பக்கங்கள் எத்தனை என்று சொல்கிறது. கடைசி பைட், எல்லாவற்றையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி வராதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. வழியில் ஒரு பிட் கெட்டாலும் கூட்டல் தவறும். அப்போது கணினி அந்தத் தகவலை நம்பாமல், பாதுகாப்பான குறைந்த அளவில் படம் அனுப்பும். அல்லது மானிட்டரே இல்லை என்று கருதிவிடும். பெரிய மானிட்டரில் திடீரென்று எழுத்துகள் பெரிதாகி, படம் மங்கலாகி, உயர்ந்த தெளிவு பட்டியலிலேயே இல்லாமல் போனால், பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

மெதுவான கம்பி, வேகமான கம்பி

எச்டிஎம்ஐ முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வந்தது. அதன் 19 பின்களில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். 18ஆம் பின் வழியாகக் கணினி 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் அந்த மின்னழுத்தத்தை ஏறக்குறைய 1000 ஓம் தடை வழியாக 19ஆம் பின்னில் திருப்பித் தருகிறது. ‘நான் இருக்கிறேன், என் விவரம் படிக்கத் தயார்’ என்பதற்கான அறிவிப்பு அது. பிறகு 15, 16 ஆகிய பின்களில் ஈடிஐடி படிக்கப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்ற இரண்டு கம்பி முறையே இங்கும் பயன்படுகிறது. நொடிக்கு ஒரு லட்சம் பிட் என்ற அதன் வேகத்தில் 128 பைட்டைப் படிக்க நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரம் போதும்.

படம் போகும் கம்பிகளோ முற்றிலும் வேறு உலகம். 1920×1080 புள்ளிகளை நொடிக்கு 60 முறை அனுப்ப, மூன்று இணைக் கம்பிகளில் ஒவ்வொன்றிலும் நொடிக்கு ஏறத்தாழ 148.5 கோடி பிட் ஓட வேண்டும். விசாரணை நடக்கும் கம்பியைவிடப் பதினான்காயிரம் மடங்குக்கு மேல் வேகம்.

ஒரே கேபிளுக்குள் இவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலைகள் நடப்பதால், பழுதும் இரண்டு முகங்களில் வருகிறது. கணினி மானிட்டரின் பெயரைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் படம் கறுப்பாகவோ புள்ளி புள்ளியாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால், விசாரணை முடிந்துவிட்டது. வேகக் கம்பிகளில்தான் கோளாறு. நீளமான, மலிவான, மடங்கிய கேபிளை முதலில் சந்தேகிக்க வேண்டும். மாறாக, கணினி மானிட்டரைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் 5 வோல்ட், 19ஆம் பின், விவரக் கம்பிகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. இரண்டுக்குமே முதல் மருந்து வேறொரு கேபிள்தான். பக்கத்து வீட்டு டிவியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிய கேபிள் போதும்.

பழைய விஜிஏ மானிட்டரைப் புதிய கணினியுடன் இணைக்கும் மாற்றிகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவே ஒரு சில்லு மாற்றிக்கொடுக்க வேண்டும். அந்தச் சில்லு பெரும்பாலும் 18ஆம் பின்னின் 5 வோல்ட்டிலேயே ஓடுகிறது. அங்கே கிடைக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால், சில கணினிகளில் மாற்றி தூங்கிவிடும். தனியே யுஎஸ்பி மின்சாரம் பெறும் மாற்றி வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். விஜிஏ கேபிளில் விவரம் கடத்தும் 12, 15 ஆகிய பின்கள் இருக்கின்றனவா என்றும் பார்த்து வாங்குங்கள். ஒன்பதாம் பின் மட்டும் இல்லாத கேபிள்கள் சாதாரணம், அதனால் பயப்பட வேண்டியதில்லை.

யார் முதலில் விழிப்பது?

சில வீடுகளில் கணினி முழுதாகத் தொடங்கிய பிறகு கேபிளைப் பிடுங்கிச் செருகினால் படம் வரும். தொடக்கத்தில் மட்டும் வராது. இது உறுப்புப் பழுது அல்ல, நேரப் பொருத்தம் தவறியதன் விளைவு.

கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸ், எந்த வாயிலில் மானிட்டர் இருக்கிறது என்று தொடக்கத்தில் ஒரு முறை பார்க்கும். அந்த நொடியில் மானிட்டர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்து 19ஆம் பின்னில் பதில் தராவிட்டால், அங்கே யாரும் இல்லை என்று முடிவுகட்டிவிடும். இரண்டு மானிட்டர்கள் இருந்தால் படம் மற்றொன்றுக்குப் போய்விடும். எச்டிஎம்ஐ விதிப்படி, மானிட்டர் தன் விவரம் மாறியதை அறிவிக்க 19ஆம் பின்னைக் குறைந்தது 100 மில்லி நொடி இறக்கி ஏற்ற வேண்டும். கேபிளைப் பிடுங்கிச் செருகும்போது நாம் கையால் செய்வதும் அதையேதான்.

மின்சாரம் போய் வரும் பகுதிகளில் இது கூடுதலாகத் தெரியும். பல வீடுகளில் சிபியு மட்டும் யுபிஎஸ்ஸில் இருக்கும், மானிட்டர் நேரடி மின்சாரத்தில். மின்சாரம் திரும்பும்போது இரண்டும் வெவ்வேறு நேரத்தில் விழிக்கின்றன. மானிட்டரை முதலில் போட்டு, அது முழுதாக விழித்த பிறகு சிபியுவைப் போடுவது எளிய தீர்வு. இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பல மானிட்டர்களின் மெனுவில் ‘டீப் ஸ்லீப்’ என்ற அமைப்பு இருக்கும். அதை அணைத்துப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணைத்த மானிட்டர்களில் இந்த அமைப்பு பலமுறை காரணமாகிறது.

டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு இன்னொரு தனித் தொல்லையும் உண்டு. அதன் 20ஆம் பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. தரப்படி செய்த கேபிளில் அந்தப் பின்னுக்குக் கம்பியே இருக்கக் கூடாது. தரம் பார்க்காமல் செய்த சில கேபிள்களில் கம்பி இருக்கும்; மானிட்டரின் மின்சாரம் அதன் வழியே கணினிக்குள் பின்வாசலாக நுழைந்து, அணைத்த கணினியைக் குழப்பும். மானிட்டர் கேபிளைக் கழற்றினால் மட்டும் கணினி தொடங்குகிறது என்றால் கேபிளை மாற்றுங்கள்.

விண்டோஸிலும் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் உள்ளகத்தின் நிலை வட்டில் சேமிக்கப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பயாஸ் முத்திரை தெரிந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் திரை இருண்டால் உறுப்புகள் பெரும்பாலும் நலம். விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் இயக்கி புதிதாகத் தொடங்கும்.

பெட்டிக்குள் நடப்பது

மானிட்டரும் கேபிளும் நலம் என்றால் சிபியு பெட்டியைப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தரத் தொடங்கும். அவை நிலைபெற்றதும் 100 முதல் 500 மில்லி நொடிக்குள் ‘மின்சாரம் சரி’ என்ற குறிப்பை மதர்போர்டுக்கு அனுப்பும். அதன் பிறகுதான் பிராசசர் தன் முதல் கட்டளையைப் படிக்கிறது. ராமைச் சோதித்து ஒழுங்குபடுத்துவது, கிராபிக்ஸைத் தேடுவது ஆகியவை அடுத்து நடக்கும். திரையில் முதல் எழுத்து வருவதற்கு ராம் சரியாக இருந்தாக வேண்டும். ராம் கெட்டால் திரை பேசாததன் காரணம் இதுதான். விசிறி சுற்றுவது 12 வோல்ட் வருகிறது என்பதை மட்டுமே காட்டும்.

கீபோர்டில் கேப்ஸ்லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், கணினி நன்றாக ஓடுகிறது. கோளாறு படம் போகும் பாதையில் மட்டுமே. விளக்கு அசையாவிட்டால் கணினி இடையிலேயே நின்றிருக்கலாம். இப்போதைய பல மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு சிறு விளக்குகள் இருக்கும்; எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. பழைய போர்டுகளில் ‘பீப்’ ஒலிக்கும். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் கேட்டால் கிராபிக்ஸ் கோளாறு என்பது ஐபிஎம் காலத்திலிருந்து வரும் வழக்கம். டிடிஆர்5 ராம் உள்ள புதிய கணினிகளில், முதல் முறையோ ராமை மாற்றிய பிறகோ தொடங்கும்போது சில நிமிடங்கள் இருண்டிருப்பது இயல்பு. பொறுமை இழந்து அணைக்காதீர்கள்.

புதிதாக அசெம்பிள் செய்த கணினிகளில் அடிக்கடி நடப்பது இது: கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ வாயிலில் செருகுவது. யுஎஸ்பி வாயில்களுடன் சேர்ந்து மேலே இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை. கீழே கிடைமட்டமாக இருப்பவை கார்டுக்கு உரியவை. எல்லாப் பிராசசரிலும் கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இன்டெல்லில் ஐ5-12400எஃப் போன்று ‘எஃப்’ என முடிபவற்றில் கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5600க்கு இல்லை, 5600ஜிக்கு உண்டு. இல்லாதவற்றில் மதர்போர்டு வாயில் எப்போதும் இருட்டுதான்.

பழைய கிராபிக்ஸ் கார்டைப் புதிய போர்டில் வைத்தாலும் திரை இருளலாம். பயாஸ் காலத்துக் கார்டுகளில் உள்ள நிரல், பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையில் மட்டும் ஓடும் புதிய போர்டுக்குப் புரியாது. ‘சிஎஸ்எம்’ என்ற பழைமைப் பொருத்தம் இயங்கினால்தான் படம் வரும். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி அந்தப் பொருத்தம் அணைந்துவிட்டால், நேற்றுவரை தெரிந்த திரை இன்று தெரியாது. கடிகாரம் அடிக்கடி தேதி தவறியிருந்தால் இந்தப் பேட்டரியை முதலில் மாற்றுங்கள்.

சென்னைக் காற்றும் தங்கப் பூச்சும்

‘ராமைக் கழற்றி மாட்டுங்க சார், வந்துடும்’ என்று சர்வீஸ் ஆட்கள் சொல்வதற்கு நல்ல அறிவியல் காரணம் உண்டு. ராமின் தொடுமுனைகளில் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். ஆதம்பாக்கம் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பிற்பகலில் வீசும் கடற்காற்று ஈரத்தையும் நுண்ணிய உப்பையும் கொண்டுவருகிறது. அவை துளைகள் வழியே புகுந்து அடியிலுள்ள உலோகத்தை அரிக்கின்றன. கணினி சூடாகிக் குளிரும்போது தொடுமுனைகள் நுண்ணிய அளவில் நகர்ந்து உராய்வதும் சேர்ந்துகொள்கிறது. கழற்றி மாட்டும்போது அந்தப் படலம் சுரண்டப்பட்டு, உலோகத்தோடு உலோகம் மீண்டும் சேர்கிறது. அழிரப்பரால் தேய்ப்பது அவசரத்துக்கு உதவும். அடிக்கடி தேய்த்தால் தங்கமே போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணி நல்லது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வட்டாரத்தின் தரைத்தள வீடுகள் பலவற்றில் நீர் புகுந்தது. மேசைக்கு அடியில் தரையில் வைத்த சிபியுதான் முதலில் நனையும். நனைந்த கணினியை உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும் உடனே போட்டுப் பார்க்கக் கூடாது. இடுக்குகளில் தங்கிய ஈரமும் சேறும் மின்சாரம் பாய்ந்ததும் தடங்களை அரித்துவிடும். சிபியுவைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது ஆதம்பாக்கம், வேளச்சேரி வீடுகளுக்கு அவசியமான பழக்கம்.

கை வைக்கும் முன்பு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். சில நேரம் இது மட்டுமே திரையைத் திரும்பக் கொண்டுவரும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள்ளே சுமார் 325 வோல்ட்டாகக் கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உடனே போய்விடாது.

பார்க்க வேண்டிய வரிசை

ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். மானிட்டர் எழுத்துக் காட்டுகிறதா, சரியான வாயிலைப் பார்க்கிறதா என்று பாருங்கள். மானிட்டர், சிபியு இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, மானிட்டரை முதலில் போடுங்கள். கேபிளையும் வாயிலையும் மாற்றுங்கள். அதே கேபிளை வீட்டு டிவியில் செருகுங்கள். டிவியில் படம் வந்தால் கணினியும் கேபிளும் நலம், சந்தேகம் மானிட்டரின் வாயிலுக்கும் அமைப்புகளுக்கும் சுருங்கிவிடும். கேப்ஸ்லாக் விளக்கையும் போர்டின் சிறு விளக்குகளையும் கவனியுங்கள். பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். இரண்டாம் முறை மற்றதை வைத்துப் பாருங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டின் வாயிலில் முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் திரை இருண்டிருந்தால் கடைக்குப் போகலாம். அப்போது ‘டிஸ்ப்ளே வரல’ என்று மட்டும் சொல்லாமல், ‘டிவியிலும் வரவில்லை, கேப்ஸ்லாக் எரியவில்லை, டிராம் விளக்கு நிற்கிறது’ என்று சொல்லுங்கள். பழுதுபார்ப்பவரின் பாதி வேலை முடிந்துவிடும். நல்ல உறுப்பு தேவையில்லாமல் மாற்றப்படுவதும் தவிர்க்கப்படும். மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. ஆனால் கழிவைக் குறைக்கும் முதல் வாய்ப்பு விதிகளிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. நலமாக இருக்கும் மானிட்டரைத் தூக்கி எறியும் முன்பு, கேபிளை ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.